தேர்வு வாரத்தில் தொடங்கும் தியானம்

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங் மாதிரியான தோட்டப்பட்டணத்தில் வாடகை வீட்டில் நாலைந்து பேராகத் தங்கிப் படிக்கும் மாணவர்கள் மைண்ட்ஃபுல்னஸ் தியானத்துக்கு (இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கும் பயிற்சி) வருவது பெரும்பாலும் தேர்வு பயத்தால், தூக்கம் வராததால், அல்லது கூட்டாளி இழுத்து வந்ததால். எதற்காக வந்தோம் என்று யோசிக்காமல் உட்காருவதுதான் முதல் தவறு. தூக்கம் வேண்டுமென்றால் படுத்தபடியே பாதத்திலிருந்து தலைவரை உடலைக் கவனித்து வரலாம். பாடத்தில் கவனம் நிற்க வேண்டுமென்றால் படுக்கை ஆகாது. காலையில் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருங்கள்.

அடுத்தது, தேர்வு வாரத்தில் தொடங்குவது. 1979இல் ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மாசசூசெட்ஸில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியே இப்போது 8 வாரம். 14 வார செமஸ்டரில் 5ஆம் வாரத்துக்குள் தொடங்கினால்தான் தேர்வுக்கு முன் கை பழகும். அந்தப் பயிற்சியில் வீட்டில் தினமும் 45 நிமிடம் உட்காரச் சொல்வார்கள். அதைப் பார்த்து முதல் நாளே 45 நிமிடம் உட்கார்ந்தவர் மூன்றாம் நாள் காணாமல் போவார். 5 நிமிடம் போதும். இரண்டு வாரம் கழித்து 10 ஆக்குங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது மூச்சில். பிராணாயாமம் என்று நினைத்து ஆழமாக, வேகமாக இழுத்து விடுகிறார்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். மூச்சை அதன் போக்கில் விட்டு, 1 முதல் 10 வரை எண்ணி, மறுபடி 1இலிருந்து தொடங்குங்கள். நடுவில் மனசு அசைன்மென்டுக்கு ஓடும். ஓடியது தெரிந்ததும் 1க்குத் திரும்புங்கள். ஓடியதைக் கண்டுபிடிப்பதே பயிற்சி. மனசைக் காலியாக்க யாரும் கேட்கவில்லை.

ஒரேயடியாக நம்புவதும் தவறு. 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரை, பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைவதாகச் சொன்னது. உடற்பயிற்சியைவிட மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உட்காரவே பிடிக்காதவர் பூப்பந்து ஆடப் போகலாம், குற்றமில்லை. இரவில் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, பகுதிநேர வேலையும் பார்த்துக்கொண்டு, பிடிபிடிஎன் (அரசின் உயர்கல்விக் கடன்) பணம் வராத கவலையைத் தியானத்தால் தீர்க்கப் பார்ப்பது வீண்.

கண்ணை மூடினால் நெஞ்சு படபடக்கிறதா? திறந்து வைத்து, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். பழைய அதிர்ச்சி கிளம்பினால் நிறுத்திவிட்டு ஆலோசகரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் தியானத்தை நம்பிக் காத்திருக்காமல் சுகாதார அமைச்சின் உதவி எண் 15555க்கு அழையுங்கள்.

தியான வகுப்பு ஏற்பாட்டாளர்களுக்கும் ஒன்று: இரவு 8 மணிக்கு வகுப்பு வைத்தால், தோட்டத்து வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளைகள் வரமாட்டார்கள். அதை ஆர்வமின்மை என்று எழுதி வைக்காமல், மதிய இடைவேளைக்கு மாற்றுங்கள்.