பம்ப்பை மாற்றும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

படகின் தரைப்பலகையைத் தூக்கினால் பில்ஜில், அதாவது அடியில் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில், எப்போதும் ரெண்டு விரல் தண்ணீர், கூடவே ஒரு ஊசல் நாற்றம். பாய்மரப் படகு வைத்திருக்கிறவர்கள் இதற்குச் செய்கிற முதல் வேலை, இன்னும் பெரிய பம்ப்பாகப் பார்த்து வாங்குவது. நானும் வாங்கினேன். மறுநாளும் அதே ரெண்டு விரல் தண்ணீர் நின்றது.

பழைய பம்ப்பில் குறையே இல்லை, தண்ணீரை வெளியேற்றுகிற ஹோஸில்தான் விஷயம். பம்ப் நின்றதும் ஹோஸில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் அவ்வளவும் திரும்பி பில்ஜுக்கே வந்துவிடும். 38 மில்லிமீட்டர் ஹோஸ் 3 மீட்டர் மேலே ஏறினால் அதற்குள் நிற்பது கிட்டத்தட்ட 3.4 லிட்டர், குறுகலான பில்ஜில் அது போதாதா? தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆனால் அதில் ஒரு முடியோ நூலோ சிக்கினால் படகு மூழ்குகிற அன்றைக்குப் பார்த்து அடைத்துக்கொள்ளும், அதனால் பெரிய பம்ப்பின் வழியில் அதைப் போடாதீர்கள். பெரிய பம்ப்பை ஆபத்துக்கென்று சற்று உயரத்தில் வைத்துவிட்டு, அன்றாடத் தண்ணீருக்கு ஒரு சின்ன டயாஃப்ரம் பம்ப்பை 19 மில்லிமீட்டர் ஹோஸோடு அடிமட்டத்தில் வையுங்கள். அதே 3 மீட்டருக்கு இதில் நிற்பது கால் பங்குதான், அது திரும்பி வந்தாலும் ஸ்பாஞ்சில் துடைத்துவிடலாம்.

ஆனால் பம்ப் எதுவானாலும் தண்ணீர் வருகிற வழி அடைபடாதே. அதைக் கண்டுபிடிக்க முதலில் பில்ஜை ஒட்டத் துடைத்துக் காயவிடுங்கள், ஈரத்துக்கு நடுவே கசிவைத் தேடுவது வீண் வேலை. ஒருநாள் கழித்துச் சேர்ந்திருக்கிற தண்ணீரை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள் (எண்ணெய்ப் படலம் மிதந்தால் வேண்டாம், அதை முதலில் எண்ணெய் உறிஞ்சும் பேடில் எடுங்கள், கடலுக்குள் பம்ப் அடிக்காதீர்கள்). உப்புக் கரித்தால் கடல், இல்லாவிட்டால் மழை அல்லது உங்கள் டேங்க். பாதி வேலை இதிலேயே முடிந்தது.

உப்பு என்றால் முதலில் நான் பார்ப்பது ஸ்டஃபிங் பாக்ஸ், அதாவது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் படகின் உடலைத் துளைத்து வெளியேறுகிற இடத்தில் தண்ணீரைத் தடுக்கிற அடைப்பு. ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு ரெண்டு மூன்று சொட்டு விழலாம், அதற்குள் சுற்றியிருக்கிற பழைய மாதிரி பேக்கிங் கயிற்றுக்கு அந்த ஈரம் தேவை. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் போகும். லாக் நட்டைத் தளர்த்தி, பேக்கிங் நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி, மறுபடி லாக் செய்து, கொஞ்ச நேரம் கியரில் ஓட்டி, எஞ்சினை நிறுத்திய பிறகு தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள், விட்டால் ஷாஃப்டே கீறிப்போகும். எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லையா, பேக்கிங் கயிற்றை மாற்றுகிற காலம் வந்துவிட்டது. அங்கே சுத்தம் என்றால் எஞ்சினின் கடல்நீர் பம்ப், சுக்கான் தண்டு, ஹல்லை (படகின் உடலை) துளைத்துப் போகிற ஒவ்வொரு வால்வு என்று வரிசையாகப் போங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு டிஷ்யூ பேப்பரை விரித்து வைத்தால் மறுநாள் எது நனைந்திருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

நல்ல தண்ணீர்தான் என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது. ஜன்னல், ஹாட்ச், செயின்ப்ளேட் (பாய்மரத்தைப் பிடிக்கிற கம்பிகளை மாட்டும் தகடு) எல்லாவற்றுக்கும் புது சீலண்ட் வைத்தும் மழை பெய்த ஒவ்வொரு தடவையும் பில்ஜ் நிறைந்தது. கடைசியில் பார்த்தால் பாய்மரத்துக்குள்ளேயே மழை இறங்கியிருக்கிறது. மரத்தின் உச்சியில் கயிறுகள் உள்ளே நுழைகிற துளைகளை அடைக்க முடியாது, மரம் டெக்கைத் தாண்டி கீல் (படகின் அடித்தண்டு) வரைக்கும் இறங்குகிற படகுகளில் அந்தத் தண்ணீர் நேராக பில்ஜுக்குத்தான் வரும். மரத்தின் காலடியில் சின்னதாக ஒரு வரம்பு கட்டி, அங்கிருந்து ஒரு குழாயை வாளிக்கோ சின்ன பம்ப்புக்கோ விடுவதுதான் வழி. மழையே இல்லாமல் நல்ல தண்ணீர் சேர்ந்தால் குடிநீர் டேங்கில் கொஞ்சம் உணவு நிறப்பொடி கலந்து விடுங்கள், பில்ஜில் நிறம் தெரிந்தால் டேங்கோ அதன் ஹோஸ் கிளாம்ப்போதான்.

அப்புறம் லிம்பர் துளைகள். விலாச்சட்டங்களுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற இந்தச் சின்ன வழிகள் மரத்தூளும் முடியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் பம்ப் இருக்கிற இடம் காய்ந்து கிடக்கும், முன்பக்கம் குளமாக நிற்கும். எல்லாத் துளைகளிலும் ஒரு மெல்லிய சங்கிலியைக் கோத்துப் போட்டுவிட்டேன், மாதத்துக்கு ஒருமுறை முன்னும் பின்னும் நாலு இழுப்பு இழுத்தால் போதும், அடைத்ததெல்லாம் உதிர்ந்து பம்ப் பக்கம் வந்துவிடும், பம்ப் உறிஞ்சுவதற்குள் அதைக் கையாலேயே அள்ளிவிடுங்கள்.