ஒன்றுபோலத் தெரியும் நான்கு மஞ்சள்கள்: எதை எடுப்பது, எதை விடுவது?

ஒரு டிசைனுக்கு மஞ்சள் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. நிறத்தட்டில் நான்கைத் தேர்ந்து வைத்திருக்கிறீர்கள். நான்கும் நன்றாகவே இருக்கின்றன, நான்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவும் இருக்கின்றன. உதாரணத்துக்கு இவற்றை வைத்துக்கொள்வோம். எண்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் உள்ளன.

அ: 255, 240, 0
ஆ: 255, 221, 0
இ: 255, 200, 0
ஈ: 245, 210, 60

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டங்களாக அடுக்கி, எது அழகு என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்வது. அது வீண் வேலை. சற்று நேரம் மஞ்சளையே பார்த்தால் கண் அதற்குப் பழகிவிடும், நிறம் மங்கத் தொடங்கும், பார்வையைத் திருப்பினால் நீலச் சாயல் மிதக்கும். அந்த நிலையில் எடுக்கும் முடிவு மறுநாள் காலையில் நிற்காது. கீழே உள்ள வரிசையில் போனால் ஒவ்வொரு படியிலும் ஓரிரண்டு மஞ்சள்கள் தாமாகவே விலகும்.

படி 1: மஞ்சளுக்கு என்ன வேலை?

முழுப் பின்னணியா, சிறிய பட்டனா, லோகோவா, எச்சரிக்கைக் குறியா? இதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். சிறு கட்டத்தில் அமைதியாகத் தெரியும் நிறம், திரை முழுவதும் பரவும்போது கூடுதல் பளிச்சென்று தெரியும். மஞ்சளில் இது கண்ணைக் கூசவைக்கும் அளவுக்குப் போகும். பின்னணிக்கு என்றால் அ பெரும்பாலும் இங்கேயே வெளியேறிவிடும். சிறிய ஐகானுக்கு என்றால் அதே அ வலுவான போட்டியாளர்.

படி 2: திரையைச் சரிசெய்யுங்கள்

இரவு நேர வெதுவெதுப்பு நிறம், அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக மாறும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை வெள்ளையையே மஞ்சளாக்கிவிடும், பிறகு மஞ்சளை எதோடு ஒப்பிடுவது? நிறங்களை நடுச் சாம்பல் பின்னணியில் வையுங்கள். 128, 128, 128 போதும்.

படி 3: எந்தப் பக்கம் சாய்கிறது?

பெரும்பாலான டிசைன் மென்பொருள்களில் நிறத்தை நிறவட்டத்தில் ஒரு கோணமாகக் காட்டும் வசதி இருக்கும். சிவப்பு 0, தூய மஞ்சள் 60, பச்சை 120. நம் நான்கையும் அதில் போட்டால் அ சுமார் 56, ஆ 52, ஈ 49, இ 47 என்று வரும். மொத்த வித்தியாசம் பத்து பாகைகூட இல்லை. தூய பச்சையைச் சுற்றி இதே அளவு நகர்ந்தால் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. மஞ்சளில் மட்டும் பட்டென்று தெரியும். காரணம் கண்ணிலேயே இருக்கிறது. ஒளியின் அலைநீளம் சற்று மாறினாலும் கண் மிக நுட்பமாகக் கண்டுபிடிக்கும் இரண்டு இடங்களில் ஒன்று 590 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் பகுதி. மற்றொன்று 490-ஐ ஒட்டியது.

60-ஐ நெருங்க நெருங்க மஞ்சள் எலுமிச்சைத் தன்மை பெறும், கூர்மையாகவும் குளிர்ச்சியாகவும் தெரியும். 50-க்குக் கீழே முட்டைக்கருவின் வெதுவெதுப்பு வரும். 45-க்குக் கீழே போனால் பார்ப்பவர் அதை ஆரஞ்சு என்று சொல்லத் தொடங்குவார். மூன்றாவது எண்ணையும் கவனியுங்கள். ஈ-யில் நீலம் 60 இருப்பதால்தான் அது மற்றவற்றைவிடச் சற்று அடங்கித் தெரிகிறது. பெரிய பரப்புக்கு இந்த அடக்கம் நல்லது.

படி 4: தனியாகப் பார்க்காதீர்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. மற்றவற்றைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். ஒவ்வொரு நிறமும் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்த மஞ்சள் பச்சைப் பக்கம் நகர்ந்ததுபோலத் தெரியும். பச்சைக்குப் பக்கத்தில் அதே மஞ்சள் ஆரஞ்சாக வெதுவெதுக்கும். நீலத்தின் மேல் செறிவு கூடும். வெள்ளையின் மேல் ஒளி குறைந்து தெரியும், கறுப்பின் மேல் விளக்குப்போல் ஒளிரும்.

ஆகவே உங்கள் டிசைனையே நான்கு நகல் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சளை உரிய இடத்தில், உரிய அளவில், பக்கத்து நிறங்களோடு வையுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் பார்க்காமல் ஒவ்வொன்றாகத் திறந்து, சில நொடிகளில் மூடிவிடுங்கள். கட்டங்களாக இருந்தபோது பிடித்தது இங்கே தோற்றுப்போவது மிகச் சாதாரணம்.

படி 5: எழுத்து படிக்க வருகிறதா?

இணைய அணுகல் வழிகாட்டுதலின்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே மாறுபாட்டு விகிதம் (இரண்டின் வெளிச்சமும் எவ்வளவு வேறுபடுகிறது என்ற அளவு) குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில் நம் மஞ்சள்களின் விகிதம் என்ன தெரியுமா? அ 1.19, ஆ 1.35, ஈ 1.48, இ 1.55. எல்லாமே தோல்வி, அதுவும் படுதோல்வி. கணக்கு எளிது: வெள்ளையிலிருந்து நீல ஒளியை எடுத்துவிட்டால் மீதி தூய மஞ்சள். ஆனால் கண் உணரும் ஒளிர்வில் நீலத்தின் பங்கு சுமார் 7 சதவீதம்தான். அதை எடுப்பதால் நிறம் மாறுகிறதே தவிர வெளிச்சம் பெரிதாகக் குறைவதில்லை.

எனவே வெள்ளையின் மேல் மஞ்சள் எழுத்து என்ற ஆசையை விட்டுவிடுங்கள். எந்த மஞ்சளாலும் அதைக் காப்பாற்ற முடியாது. மஞ்சள் பட்டன் மேல் வெள்ளை எழுத்தும் அப்படியே. அதே பட்டன் மேல் கறுப்பு எழுத்து வைத்தால் நான்கில் எதுவும் 13-க்கு மேல் போகிறது, பிறகு கவலை இல்லை.

படி 6: கருமையான துணை நிறம்

மஞ்சளைத் தேர்ந்தபின் அதன் கருமையான வடிவமும் தேவைப்படும். வெள்ளைத் தாளில் எழுத்துக்கோ கோட்டுக்கோ. இங்கேதான் மஞ்சள் தன் குணத்தைக் காட்டும். தூய மஞ்சளில் கறுப்பைக் கலந்து பாதியாக்கினால் 128, 128, 0 வரும். அது மஞ்சளே அல்ல, பாசிப்பச்சை. இத்தனைக்கும் வெள்ளையின் மேல் அதன் விகிதம் 4.2 மட்டுமே. பச்சையாகவும் ஆயிற்று, தேர்வும் பெறவில்லை.

வழி இது: ஒளியைக் குறைக்கும்போதே கோணத்தையும் ஆரஞ்சுப் பக்கம் நகர்த்துங்கள். 40 பாகைக்கு வந்து 154, 103, 0 என்று வைத்துப் பாருங்கள். விகிதம் சுமார் 4.9. பழுப்பு கலந்த பொன்னிறம் என்றாலும், மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் உறவுக்காரர் என்று நம்பலாம். ஆ, இ, ஈ மூன்றோடும் இது இயல்பாகச் சேரும். அ-வோடு வைத்தால் இரண்டும் ஒரே குடும்பம்போலத் தெரியாது. கருமையான துணை கட்டாயம் தேவைப்படும் வேலை என்றால் அ-வை நீக்க இதுவே போதுமான காரணம்.

படி 7: அச்சுக்குப் போகிறதா?

திரையில் மஞ்சள் ஒளி என்று தனியாக இல்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. அச்சிலோ மஞ்சள் ஓர் அடிப்படை மை. எனவே திரை எண்ணை அப்படியே மாற்றித் தராமல், முழு மஞ்சள் மையில் தொடங்கி, வெதுவெதுப்புக்குச் சிறிதளவு மெஜந்தா (ஊதா சாய்ந்த சிவப்பு மை) சேருங்கள். சயான் (பச்சை சாய்ந்த நீல மை) சிறிது சேர்ந்தாலும் பச்சையாகிவிடும், கறுப்பு சேர்ந்தால் அழுக்காகத் தெரியும். ஒரு மாதிரி அச்சு எடுக்காமல் ஒப்புதல் தர வேண்டாம்.

படி 8: இரண்டு மிஞ்சினால்

இரண்டையும் இடைவெளியின்றி ஒட்டவைத்து, கை எட்டும் தூரத்திலிருந்து பாருங்கள். நடுக்கோடு தெரியாவிட்டால் இரண்டும் ஒன்றுதான். எதையாவது எடுங்கள், யோசிக்காதீர்கள். கோடு தெரிந்தால் நான்காம் படியின் நகல்களுக்குத் திரும்புங்கள். வேறு எதுவும் தீர்மானிக்கவில்லை என்றால் நான் எப்போதும் வெதுவெதுப்பான பக்கத்தையே எடுப்பேன். மங்கலான திரையில் எலுமிச்சை மஞ்சள் பச்சையாகத் தெரியும் அபாயம் அதிகம் என்பது என் எண்ணம்.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரே பக்கத்தில் நெருக்கமான இரண்டு மஞ்சள்கள் இருந்தால் பார்ப்பவருக்கு அது தவறாகவே தெரியும். 'இந்த மஞ்சள் என்றால் காத்திருப்பு, அந்த மஞ்சள் என்றால் எச்சரிக்கை' என்று பொருள் பிரிப்பது அதைவிட மோசம். சிவப்பு, பச்சையைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சளும் பச்சை கலந்த மஞ்சளும் ஒன்றாகவே தெரியக்கூடும். பொருள் மாறினால் ஐகானோ சொல்லோ மாற வேண்டும்.

கடைசியாக, தேர்ந்த நிறத்துக்கு வேலையை வைத்துப் பெயரிடுங்கள்: 'மஞ்சள் பின்னணி', 'மஞ்சள் எழுத்து' என்பதுபோல. எண்களை அதன் பக்கத்திலேயே எழுதிவிட்டு, தோற்ற மஞ்சள்களைக் கோப்பிலிருந்து அழித்துவிடுங்கள். விட்டுவைத்தால் குழுவில் யாராவது ஒருவர் அவற்றில் ஒன்றைக் கண்டெடுத்து ஏதாவது ஒரு பட்டனுக்குப் பூசியிருப்பார்.