உண்மையே ஆனாலும் புறம் பேசாமல் இருப்பது எப்படி?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் பில்டிங் லிஃப்டில் நின்றுகொண்டு, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றி, "அந்தப் பாயி சொல்லாமல் கொள்ளாமல் லீவு போடுகிறாள்" என்றேன். ஒரே வரிதான், பொய்யும் இல்லை, ஆனால் அந்த மாதமே இரண்டு வீடுகளில் அவளை நிறுத்திவிட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

யூத மரபில் இதற்கு லஷோன் ஹரா என்று பெயர், அதாவது தீய நாக்கு. பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பது வேறு குற்றம். உண்மையைச் சொல்லியே ஒருவரைத் தாழ்த்துவதுதான் இது. சொன்னவர், கேட்டவர், பேசப்பட்டவர் மூவரையும் இது கொல்லும் என்கிறது யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முத். ரப்பி (யூத மதகுரு) இஸ்ரயேல் மெயிர் ககன் 1873-இல் இதற்கான விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார்.

அதனால் வாய் திறக்கும் முன் "இது உண்மையா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "சொன்னால் யாருக்கு என்ன நன்மை?" என்று கேளுங்கள். நன்மை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். வரன் விசாரிக்க வந்தவரிடம் பையனின் குடியை மறைக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. ஆனால் அது நீங்களே அறிந்ததாக இருக்கவேண்டும், கூட்டிச் சொல்லக்கூடாது, உள்ளே பழைய கோபம் இருக்கக்கூடாது, திருந்துவார் என்றால் முதலில் அவரிடமே பேசியிருக்கவேண்டும். இந்தக் கடைசி ஒன்றை நான் செய்திருந்தால் ஆஸ்பத்திரி விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கேட்பதும் இதில் சேர்த்திதான். லோக்கல் ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மென்டில் தாதர் ஸ்டேஷன் வருவதற்குள் ஒருத்தி குடும்பமே அலசப்படும், எழுந்து போகவும் இடமிருக்காது. "அவளுக்கு என்ன கஷ்டமோ" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு தானாகத் தணியும். பிடிக்காதவர் எதிரே ஒருவரை அளவுக்கு மீறிப் புகழாதீர்கள், பதிலுக்குக் குறைதான் வரும். அதையும் தால்முத் எச்சரித்திருக்கிறது.

ராத்திரி படுக்கும் முன் ஐந்து நிமிஷம் நோட்டில் கணக்கு எழுதுங்கள். யூதர்கள் இதை ஹெஷ்போன் ஹநெஃபெஷ், ஆன்மக் கணக்கு என்பார்கள். 1808-இல் யூத அறிஞர் மெனாஹெம் மெண்டல் லெஃபின் சொன்ன முறைப்படி, திருத்திக்கொள்ள 13 குணங்கள், வாரத்துக்கு ஒன்று, அப்போது வருஷத்தில் ஒவ்வொன்றும் நான்கு முறை வரும். எனக்கு ஒரே குணத்தோடு ஆரம்பிப்பதுதான் முடிந்தது. யாரைப் பற்றி என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், அவ்வளவுதான் எழுதுவேன்.

சரி, சொல்லிவிட்டோம், என்ன செய்வது? மனிதருக்குச் செய்த தப்பை அந்த மனிதரைச் சமாதானப்படுத்தும்வரை பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரும் போக்காது என்கிறது தால்முத்துக்கு அடிப்படையான மிஷ்னா. நீங்கள் பேசியதே தெரியாதவரிடம் போய்ச் சொன்னால் புதிதாக வலிக்குமே என்ற விவாதமும் அவர்களிடம் உண்டு. ஆனால் கேட்டவர்களிடம் திரும்பப் போய்ச் சரிசெய்வதற்கு என்ன தடை? நான் அந்த இரண்டு வீட்டுக் கதவையும் தட்டி, லிஃப்டில் பேசியது அவசரம் என்றும், அவள் நிலைமை இன்னது என்றும் சொன்னேன். ஒரு வீட்டில் திரும்பக் கூப்பிட்டார்கள். இன்னொரு வீட்டில் அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.