தொட்டி மாற்றியதும் துவளும் ஆந்தூரியத்தைக் காப்பாற்றுவது எப்படி?

மண் ஈரமாக இருக்கும்போதே இலை மஞ்சளடித்துத் தொங்குகிறதா? தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள். செடிக்குத் தாகமில்லை, காற்றில்லாமல் வேர் அழுகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, அதனால்தான் ஈரத்திலும் இலை துவள்கிறது.

தொட்டி மாற்றிய சில வாரங்களில் இப்படி ஆனால், பெரும்பாலும் தொட்டி பெரிதாகிவிட்டது என்று பொருள். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிக் கிடக்கும். இங்கே மொரிஷியஸில், போர்ட் லூயிஸ் வெயிலில் செடி எப்படியோ தப்பிக்கலாம். தூறல் ஓயாத கியூர்பிப் பக்கம், அதிலும் ஜூலை, ஆகஸ்ட் குளிரில், கடினம்தான்.

முதலில் செடியைக் கவிழ்த்தெடுத்து, மண்ணை உதிர்த்து, வேரைக் குழாய் நீரில் அலசுங்கள். ஒவ்வொரு வேரையும் இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி, விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பாகக் குழைந்திருக்கும்; மேல்தோல் கழன்று கையோடு வந்துவிடும், நடுவில் மெல்லிய நார் மட்டும் மிஞ்சும். நாற்றமும் அடிக்கும். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரிக்கோலை எடுத்து, நல்ல பகுதி தெரியும்வரை இரக்கமில்லாமல் வெட்டுங்கள். சாறு பட்டால் தோல் அரிக்கும், கையுறை போடுங்கள். பூக்களையும் மஞ்சள் இலைகளையும் நீக்குங்கள். மிஞ்சிய வேர் அத்தனையையும் தாங்காது.

அடுத்து தொட்டி. வேரைச் சுற்றி ஒரு விரல் அகலம் இடமிருந்தால் போதும், அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டைமேல் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பார்கள், நான் ஏற்கமாட்டேன். கல்லுக்கு மேலுள்ள மண்ணில் ஈரம் தங்கி, வேருக்கு இன்னும் நெருங்கிவிடும். மண்ணை மாற்றுவதே வழி. மரத்தைப் பற்றி வளரும் பழக்கமுள்ள ஆந்தூரியத்துக்குத் தோட்டத்துக் களிமண் ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டும் கரித்துண்டும் பெரும்பகுதி, மட்கிய உரம் ஒரு பிடி.

நட்டதும் லேசாக நனைத்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மூங்கில் குச்சியைச் சொருகி எடுங்கள். ஏறக்குறைய காய்ந்து வந்தால்தான் அடுத்த தண்ணீர். தட்டில் வடிந்த நீரை உடனே கொட்டுங்கள், டெங்குக் கொசு முட்டையிடுவதும் அங்கேதான். புது இலை விரியும்வரை ரசாயன உரம் எதுவும் வேண்டாம்.

வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லையா? தண்டு உறுதியாக இருந்தால், அழுகிய அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, காற்றுவேர் உள்ள மேல்துண்டை ஈரமான மட்டைத்தூளில் நட்டுப் பாருங்கள். தண்டும் அமுக்கினால் குழைகிறது என்றால் குப்பைக்குத்தான். அந்த மண்ணை வேறு தொட்டியில் போடாதீர்கள்.