சர்ச்சுக்கு முதன்முறை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முன்னால இருக்கிறவங்களப் பார்த்துச் செய், தப்பே வராது." சர்ச்சுக்கு முதன்முறை போகிற யாருக்கும் இலங்கை மலையகத்தில், எங்கள் பக்கத்தில் கிடைக்கிற அறிவுரை இதுதான். முக்கால்வாசி நேரம் சரியாகவும் இருக்கும். அவர்கள் எழும்பினால் எழும்பலாம், உட்கார்ந்தால் உட்காரலாம், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் நாமும் புரட்டுகிற மாதிரி இருக்கலாம். மிச்சக் கால்வாசியில்தான் மாட்டிக்கொள்வோம்.

என் அத்தை அப்படி மாட்டிக்கொண்டவர். பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) கத்தோலிக்க வீட்டார் ஆசையாகக் கூப்பிட்டார்கள் என்று ஒரு நத்தார் (கிறிஸ்மஸ்) நள்ளிரவுப் பூசைக்குப் போனார். நடுவில் எல்லோரும் வரிசையாகப் பீடத்தை நோக்கிப் போக, அத்தையும் போனார். உள்ளங்கையில் வெள்ளையாக, வட்டமாக, மெல்லிசாக ஓர் அப்பத்தை வைத்தார்கள். கோயிலில் திருநீறு வாங்கினால் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் கொஞ்சம் தாளில் மடித்துக்கொண்டு வருவோம் இல்லையா? அத்தை அதே நினைப்பில் அப்பத்தைக் கைக்குட்டையில் பத்திரமாக மடித்தார், பேரனுக்கு. இடத்துக்கு வந்து உட்காருவதற்குள் ஒரு சிஸ்டர் பின்னாலேயே வந்து, காதோடு ஏதோ சொல்லி, கைக்குட்டையை விரிக்கச் சொல்லி அதை வாங்கிக்கொண்டு போனார். யாரும் திட்டவில்லை. ஆனாலும் "என்னமோ களவெடுத்துப் புடிபட்ட மாதிரி ஆயிருச்சுப்பா" என்று அத்தை இன்றைக்கும் சொல்வார்.

அது பிரசாதம் இல்லை. பூசையில் குருவானவர் ஒப்புக்கொடுத்த பிறகு அந்த அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே ஆகிவிடுகிறது என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அந்த அப்பத்தை வாங்குவதை நன்மை எடுப்பது என்பார்கள். அதனால் ஞானஸ்நானம் பெற்று, முதல் நன்மையும் எடுத்த கத்தோலிக்கர்தான் அதை வாங்கலாம். வாங்கியவர் அங்கேயே உட்கொள்ள வேண்டும். வேறு சபைக் கிறிஸ்தவர்கூட அந்த வரிசைக்குப் போவதில்லை. நான் இந்து வீட்டில் பிறந்து மெதடிஸ்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவன். என் மனைவிக்கு முப்பது வருடத்துக்கு மேல் வேதாகமம் தெரியும், கத்தோலிக்கக் கல்யாணங்களுக்குப் போனால் அவளும் என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துதான் இருப்பாள். அவளுடைய சபையில் இதைத் திருவிருந்து என்கிறார்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் பிற சபைக் கிறிஸ்தவர்களையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஞானஸ்நானம் பெறாதவர்கள் எந்தச் சபையிலும் இதற்கு எழும்பத் தேவையில்லை.

நன்மை எடுக்கிற நேரம் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்கி, வரிசைக்குப் போகிறவர்களுக்கு வழி விட்டுவிட்டு இருந்த இடத்திலேயே இருப்பது. 'எல்லோரும் நம்மைத்தான் பார்க்கிறார்கள்' என்று தோன்றும். பார்க்க மாட்டார்கள். அந்த வாங்கில் (பெஞ்சில்) எழும்பாமல் இருக்கிற கத்தோலிக்கரும் இருப்பார்கள், பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்யவில்லை என்று. சில இடங்களில் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் அப்பத்துக்குப் பதில் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார்கள். அந்தப் பழக்கம் உண்டா என்று கூட்டிப் போகிறவரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவர்களைப் பார்த்துச் செய்யக் கூடாத இரண்டாவது இடம் பெந்தெகொஸ்தே சபைகளில் வரும். பாட்டெல்லாம் முடிந்து, பிரசங்கமும் முடிந்து, கீபோர்ட் மெதுவாக வாசித்துக்கொண்டிருக்கும்போது பாஸ்டர் கண்ணை மூடச் சொல்வார். "இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்பார். அரைக்கண்ணால் பார்த்தால் முன்னால் நாலைந்து கைகள். நாமும் தூக்காவிட்டால் மரியாதையில்லையோ என்று தோன்றும். அந்தக் கைக்கு அங்கே ஓர் அர்த்தம் இருக்கிறது: இனிமேல் இந்த வழியில் நடக்கிறேன் என்று சபைக்கு முன்னால் சொல்கிறீர்கள். மனதில் அப்படி இருந்தால் தூக்குங்கள். மரியாதைக்காகத் தூக்கிவிட்டு, அடுத்த கிழமை வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்களைப் பார்த்து அடுப்படிக்குள் ஒளிந்துகொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லதில்லை. அதேபோல "புதுசா வந்தவங்க எழும்பி நில்லுங்க" என்றும் சொல்வார்கள். பேரைச் சொல்லி, இன்னாரோடு வந்தேன் என்றால் போதும். தலையில் கை வைத்து ஜெபிக்க வந்தால், வேண்டாம் என்றால் கைகூப்பி "இருக்கட்டும் பாஸ்டர்" என்று சொல்லலாம். பக்கத்தில் இருப்பவர் அந்நியபாஷையில், அதாவது யாருக்கும் புரியாத சொற்களில், சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தால் பயப்படாதீர்கள், வலிப்பு என்று தண்ணீர் தேடி ஓடவும் வேண்டாம்.

2012 கணக்கெடுப்பின்படி இலங்கையில் கத்தோலிக்கர் 6.2 வீதம், ஏனைய கிறிஸ்தவர்கள் 1.4 வீதம். அந்த 1.4க்குள்தான் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே எல்லாம் அடக்கம், ஒன்றுக்கொன்று பழக்கம் வேறு. கத்தோலிக்கர் பூசை என்பதை மற்றவர்கள் ஆராதனை என்பார்கள். அங்கே ஃபாதர், இங்கே பாஸ்டர் அல்லது போதகர். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் பழைய ஆட்கள் ஐயர் என்பார்கள். என் கல்யாணத்தில் "ஐயர் வந்துட்டார்" என்றதும் எங்கள் மாமா குருக்களைத் தேடி வாசலுக்குப் போய்விட்டார். நேரமும் ஒரே மாதிரி இல்லை. ஞாயிறு பூசை ஏறக்குறைய ஒரு மணி நேரம், மெதடிஸ்த ஆராதனை ஒன்றரை மணி நேரம் வரை போகும், பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். பன்னிரண்டு மணி பஸ்ஸை நம்பிப் போக வேண்டாம்.

மொழியிலும் ஏமாறலாம். மலையகத்தில் பார்க்க அழகான கற்கோயில்கள் பல, வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை. நுவரெலியா ஹோலி டிரினிட்டி 1852, பதுளை சென்ட் மார்க்ஸ் 1857, டிக்கோயா வார்லி சர்ச் 1878. தோட்டத்துத் தமிழ் மக்களுக்கென்று அங்கிலிக்கன் பக்கத்தில் தமிழ் மிஷன் தொடங்கியது 1854இல், அதற்கு அவர்கள் வைத்த பெயரில் 'கூலி' என்ற சொல்லும் இருந்தது. இப்போது டவுன் சர்ச்சுகளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று வெவ்வேறு நேரத்தில் வழிபாடு நடப்பது சாதாரணம். வார்லி சர்ச் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது என்று படத்தைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு நேரத்துக்குப் போய் நிற்காமல், தமிழில் எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். தோட்டத்துச் சின்னக் கோயில் என்றால் இன்னும் கவனம்: ஒரே குருவானவர் பல தோட்டங்களைப் பார்ப்பதால் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே வழிபாடு இருக்கும் என்பதில்லை.

உடுப்பு விசயத்தில் பெரிய சட்டம் கிடையாது. சுத்தமாக, கோயிலுக்குப் போகிற மாதிரி போனால் சரி. ஆனால் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். நுவரெலியாக் குளிரில் காதை மூடுகிற கம்பளிக் குல்லாவோடு போய் உட்கார்ந்து, பின்னாலிருந்து ஒரு பெரியவர் தோளைத் தட்டியது எனக்கே நடந்திருக்கிறது. பெண்கள் பல தமிழ்ச் சபைகளில் முந்தானையால் தலையை மூடிக்கொள்வார்கள். விருந்தாளிக்குக் கட்டாயம் இல்லை. செருப்பு? பெரிய கோயில்களில் போட்டுக்கொண்டே போவார்கள், லயத்து வீட்டிலோ சின்ன மண்டபத்திலோ கூடுகிற சபைகளில் வாசலில் கழற்றுவார்கள். வாசலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஈரக்குடையை வெளியே வையுங்கள். கொழுந்து மலை வழியே நடந்து வந்தவர்கள் காலில் அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போவது மற்றவர்களுக்குச் செய்கிற உபகாரம்.

திருநீறும் பொட்டும் வைத்துக்கொண்டு போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக. அழித்துவிட்டு வா என்று சொல்கிற இடம் எங்கேனும் இருந்தால் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். கத்தோலிக்கர்களே தவக்காலத்தைத் தொடங்குகிற நாளைத் திருநீற்றுப் புதன் என்றுதான் சொல்கிறார்கள். அன்றைக்குக் குருவானவர் நெற்றியில் சாம்பல் பூசுவார். நன்மைக்கு இருக்கிற கட்டுப்பாடு அதற்குக் கிடையாது, வேற்று மதத்தவரும் போய்ப் பூசிக்கொள்ளலாம். அந்தோனியார் சுரூபத்துக்கு (சிலைக்கு) முன்னால் மெழுகுதிரி ஏற்றவும் யாரும் மதம் கேட்பதில்லை. மாத்தளைப் பக்கத்து வஹாகோட்டை அந்தோனியார் கோயிலுக்கு எல்லா மதத்தவரும் போகிறார்கள். ஆனால் மெழுகுதிரியைப் பூசைக்கு முன்போ பின்போ ஏற்றுங்கள், நடுவில் எழும்பிப் போகாதீர்கள். மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே சபைகளில் சுரூபமே இருக்காது, தேடவேண்டாம்.

வாசலில் இருக்கிற தொட்டித் தண்ணீர் கை கழுவுவதற்கோ குடிப்பதற்கோ இல்லை; விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் போடுகிற தீர்த்தம் அது. பீடத்தைச் சுற்றி வலம் வரவும் கூடாது. அர்ச்சனைச் சீட்டு, பெயர் நட்சத்திரம் எதுவும் கிடையாது. காணிக்கைப் பையோ தட்டோ வந்தால் விரும்பியதைப் போடலாம், போடாமல் அடுத்தவர் கைக்குக் கொடுக்கவும் செய்யலாம். ஆயிரம் ரூபாய்த் தாளைப் போட்டுவிட்டு மிச்சக் காசு எடுக்க மட்டும் வேண்டாம். பார்த்திருக்கிறேன்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புத் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, நத்தார், உயிர்த்த ஞாயிறு நாட்களில் வாசலில் பை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தெரியாத முகம் என்றால் யார், எங்கிருந்து என்று கேட்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரிய பையைக் கொண்டு போகாதீர்கள். கொண்டு போனால் வாங்கில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவே கூடாது. தனியாகக் கிடக்கிற ஒரு பை அந்த மக்களுக்கு என்னவாகத் தெரியும் என்று யோசியுங்கள்.

இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கிற பெரிய வெள்ளியை முதல் முறைக்குத் தெரிந்தெடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. கத்தோலிக்கக் கோயிலில் அன்று பூசையே இல்லை, இயேசு பட்ட பாடுகளின் வாசகமும் சிலுவையை முத்தமிடுவதும், முன்னமே ஒப்புக்கொடுத்து வைத்த நன்மையும்தான். மற்றச் சபைகள் பலவற்றில் பன்னிரண்டு முதல் மூன்று வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரசங்கிப்பார்கள். பழகாதவருக்குக் கஷ்டம். மெதடிஸ்தச் சபைகளில் அறுப்பின் பண்டிகை நல்ல தொடக்கம். தோட்டத்தில் விளைந்த கரட், லீக்ஸ், கோவா, பூசணி எல்லாம் முன்னால் குவிந்து கிடக்கும், முடிந்ததும் ஏலம் விடுவார்கள். போன வருடம் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். திருவிருந்து நேரத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தவர், ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்காகப் போதகரின் மனைவியோடு கடைசிவரை போட்டி போட்டார்.