கடலின் அடியில் பச்சை பூசாதீர்கள்

காசிமேட்டில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கண்காட்சிக்காக ஒரு பையன் கடலின் அடுக்குகளை வரைந்து எடுத்து வந்தான். மேலே வெறும் நீலம், ஒரு படகு. 4000 மீட்டர் என்று எழுதிய அடித்தரையில் தோப்பு மாதிரி அடர்ந்த பச்சை. "செடி மண்ணில்தானே அண்ணா முளைக்கும்?" என்றான். நிலத்து வழக்கத்தை அப்படியே தண்ணீருக்குள் இறக்கிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

கடலில் மண்ணைவிட வெளிச்சம்தான் முக்கியம். அங்கே ஒளிச்சேர்க்கை செய்பவற்றில் பெரும்பாலானவை வேரூன்றுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகளாக மேல்தண்ணீரில் அலைகின்றன. உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதி கடலிலிருந்துதான் வருகிறது. ஆகவே பச்சைப் பென்சில் போகவேண்டிய இடம் அந்தப் படகைச் சுற்றித்தான்.

அடுத்தது, வெளிச்சம் இதோடு முடிகிறது என்று 200 மீட்டரில் அளவுகோல் வைத்துக் கோடு போடுவது. எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். அந்த எண் தெளிந்த நடுக்கடலுக்குச் சொல்லும் தோராயக் கணக்கு. மேற்பரப்பு வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கு எட்டும் ஆழம்தான் வளர்ச்சிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. தண்ணீர் கலங்கினால் அது மேலேறிவிடும். 1865இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி வெள்ளைத் தட்டை இறக்கித் தண்ணீரின் தெளிவை அளந்தார். ஐப்பசி மழைக்குப் பிறகு நாங்களும் ஒரு தட்டுக்கு வெள்ளை அடித்து, கயிறு கட்டி, எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே படகிலிருந்து இறக்கினோம். கொசஸ்தலையாற்றின் செம்மண் கலங்கல். கயிற்றைப் பிடித்திருந்த மாமா இரண்டு பாகம் விடுவதற்குள் தட்டு மறைந்துவிட்டது. இரண்டு பாகம் என்றால் நாலு மீட்டர்கூட இல்லை.

கோடு மறுபக்கமும் பொய்க்கும். 1984இல் பஹாமாஸ் அருகே 268 மீட்டர் ஆழத்தில், பாறைமேல் பொருக்காகப் படர்ந்த செந்நிறப் பாசியைக் கண்டார்கள்.

பாசியைச் செடி என்று எழுதுவதும் சரியல்ல. தூண்டில் வளைவுக் கல்லில் ஒட்டியிருப்பதைப் பிய்த்துப் பாருங்கள்: அடியில் வேர் இருக்காது, கல்லைக் கவ்வும் பிடிப்பு மட்டும்தான். தண்ணீரிலுள்ள சத்துகளை உடல் முழுவதும் உறிஞ்சிக்கொள்கிறது. பாக் நீரிணையில் ஆவுளியா என்ற கடற்பசு மேயும் கடற்புல்தான் உண்மையான தாவரம். அதற்கு வேர் உண்டு. தண்ணீருக்கு அடியிலேயே பூக்கிறது. அதுவும் வெளிச்சம் படும் ஆழமில்லாத இடத்தில்தான்.

இருட்டில் செடி இல்லையென்றால் உயிரே இல்லை என்று எழுதிவிடவும் வேண்டாம். 1977இல் கலாபகஸ் தீவுகள் அருகே கடலடியில் கண்ட வெந்நீர் ஊற்றுகளில் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு பாக்டீரியாக்கள் உணவு தயாரிக்கின்றன.

பையன் தோப்பை அழித்துவிட்டு, படகைச் சுற்றிப் பச்சைப் புள்ளிகள் வைத்தான். அதற்கு ஐந்து நிமிடம் ஆனது. கீழே கறுப்பு பூசி முடிப்பதற்குள் பென்சிலே தீர்ந்துவிட்டது.