குறைந்த பட்ஜெட்டில் எச்.டி. டி.வி.: பெட்டியில் இருக்கும் எழுத்தை நம்பிச் செய்யும் தவறுகள்

புதிதாக டி.வி. வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "இந்தக் காசுக்கு 4கே கிடைக்குமா?" கிடைக்கும். வெளிச்சத்தையும் நிறத்தையும் விரிந்த அளவில் காட்டும் எச்.டி.ஆரும் சேர்ந்தே கிடைக்கும். சிக்கல் அங்கேதான். கையில் இருப்பது ஒரே தொகை. அதிலிருந்துதான் பேனல், அதன் பின்னால் ஒளிரும் பேக்லைட், பிராசஸர், ஸ்பீக்கர், மென்பொருள் எல்லாவற்றுக்கும் பங்கு போக வேண்டும். பெட்டியின் மேல் புதிதாக ஒரு முத்திரை ஏறினால், பெட்டியில் அச்சிடாத ஏதோ ஒன்றில் கை வைத்திருப்பார்கள். மலிவு டி.வி.களில் அடி விழுவது பெரும்பாலும் பேக்லைட்டுக்கு.

பில்லைப் பத்திரமாக வையுங்கள், வாரண்டியைக் கேட்டு வாங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இங்கே சொல்வது விவரம் தெரிந்தவர்களும் வழுக்கி விழும் இடங்களை.

உட்காரும் தூரத்தை அளக்காமல் ரெசல்யூஷனுக்குக் காசு கொடுப்பது

டேப்பை எடுத்து சோபாவிலிருந்து சுவர்வரை அளந்துகொள்ளுங்கள். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும். அதை வைத்துக் கணக்குப் போடலாம். 32 அங்குல எச்.டி. ரெடி பேனலில் பொதுவாக 1366 x 768 பிக்சல்கள் (படத்தின் புள்ளிகள்) இருக்கும். சுமார் 1.8 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் அதன் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாது. அதே 32 அங்குலத்தில் ஃபுல் எச்.டி. (1920 x 1080) என்றால் அந்தத் தூரம் 1.3 மீட்டர். அதாவது இரண்டரை மீட்டர் தள்ளி உட்காருபவர் 32 அங்குலத்தில் ஃபுல் எச்.டி.க்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கண்ணுக்கே வந்து சேர்வதில்லை. கம்ப்யூட்டரை இணைத்து அருகில் உட்கார்ந்து எழுத்து படிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அது தேவை.

43 அங்குலத்தில் ஃபுல் எச்.டி.யின் எல்லை 1.7 மீட்டர், அதைப்போல் நான்கு மடங்கு பிக்சல் உள்ள 4கேயின் முழு நுணுக்கமும் தெரிய 85 செ.மீ.க்குள் வர வேண்டும். 55 அங்குலத்தில் இவை முறையே 2.2 மீட்டர், 1.1 மீட்டர். பெரிய அளவுகளில் இன்று வருவது பெரும்பாலும் 4கே பேனல்தான் என்பதால் அங்கே அதை ஒரு சிறப்பாக எண்ணி மயங்க வேண்டியதில்லை. மற்றதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. சாதாரண எஸ்.டி. சேனல் ஒன்றின் படம் 720 x 576 என்றால் மொத்தம் 4,14,720 பிக்சல். 4கே திரையில் 82,94,400. வந்த ஒரு பிக்சலை டி.வி. இருபதாக ஊதிப் பெருக்க வேண்டும். மலிவு டி.வி.யின் பிராசஸருக்கு அந்தத் திறமை இருப்பதில்லை. பழைய சேனல்களே அதிகம் ஓடும் வீட்டில் சுமாரான 4கேயைவிட நல்ல ஃபுல் எச்.டி. திரையில் படம் சுத்தமாக இருக்கும்.

எச்.டி.ஆர். முத்திரைக்குப் பணம் கொடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. வாங்கிய வாரத்திலேயே வரும் புகாரும் மாறுவதில்லை: "சாதாரணப் படம் பளிச்சென்று இருக்கிறது, எச்.டி.ஆர். படம் போட்டால் இருட்டாகிவிடுகிறது. டி.வி. பழுதா?" பழுது எதுவுமில்லை. அந்த டி.வி. அப்படித்தான் நடக்கும்.

சாதாரண வீடியோவை ஸ்டுடியோவில் 100 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தை வெள்ளையாக வைத்துத் தயாரிக்கிறார்கள். உங்கள் டி.வி. 300 நிட் தரக்கூடியது என்றால் பேக்லைட்டை முழுக்க ஏற்றி அந்த வெள்ளையை மூன்று மடங்கு பிரகாசமாகக் காட்டும். பகல் வெளிச்சம் உள்ள அறையிலும் படம் எடுப்பாகத் தெரிவது இதனால்தான்.

எச்.டி.ஆர்.10 வேறு விதம். அதில் சிக்னலின் ஒவ்வொரு எண்ணும் குறிப்பிட்ட இத்தனை நிட் என்று நேரடியாகச் சொல்கிறது. அந்த அளவுகோல் 10,000 நிட் வரை போகும். படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட் திரையில் தயாரிக்கிறார்கள், சிலவற்றை 4,000 நிட் திரையில். அந்தக் கூடுதல் வெளிச்சமெல்லாம் சூரியன், விளக்கு, தீப்பொறி, உலோகத்தின் மினுக்கம் போன்றவற்றுக்குத்தான். முகம், சுவர், உடை ஆகியவை ஏறக்குறைய பழைய அளவிலேயே இருக்கும். 300 நிட் டி.வி.க்கு இந்தச் சிக்னல் வந்தால் பேக்லைட் முதலிலேயே உச்சத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் கொடுக்க ஒன்றுமில்லை. முகத்தை மூன்று மடங்காக்கும் பழைய சலுகையும் கிடையாது. போதாததற்கு 1,000 நிட் மினுக்கத்தை 300-க்குள் அடக்க மொத்தப் படத்தையும் கீழே இழுக்க வேண்டும். இழுக்காமல் வெட்டினால் மேகமும் விளக்கும் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

இருட்டைப் பார்த்ததும் பலர் ரிமோட்டை எடுத்து "பிரைட்னஸ்" ஏற்றுகிறார்கள். பல டி.வி.களில் அந்தப் பெயரில் இருப்பது கருப்பின் அளவை மாற்றும் அமைப்பு. அதை ஏற்றினால் வெளிச்சம் கூடாது, கருப்பு சாம்பலாகும். ஏற்ற வேண்டியது "பேக்லைட்". அது எச்.டி.ஆரில் ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும்.

வெளிச்சத்தோடு முடிந்துவிடுவதில்லை. எச்.டி.ஆருக்கு உயிர் கொடுப்பது ஒரே காட்சியில் கருப்பும் வெளிச்சமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது. 1000:1 கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம்) உள்ள ஐ.பி.எஸ். வகைப் பேனல் 300 நிட் வெள்ளை காட்டும்போது அதன் கருப்பு 0.3 நிட், இருட்டறையில் அது பளிச்சென்ற சாம்பல். 4000:1 உள்ள வி.ஏ. வகைப் பேனலில் அதே கருப்பு 0.075 நிட்டுக்கு இறங்கும். பேக்லைட்டைப் பகுதி பகுதியாக அணைக்கும் லோக்கல் டிம்மிங் இல்லாத டி.வி.யில் இரவு வானத்தில் ஒரு நிலா வந்தாலே திரை முழுவதும் விளக்கு ஏறும். நிலாவுக்காக வானமே வெளுத்துப் போகும்.

நிறத்திலும் இதே கதைதான். எச்.டி.ஆர். படங்கள் பி3 என்ற விரிந்த நிற வரம்பில் வருகின்றன. மலிவான வெள்ளை எல்.இ.டி. பேக்லைட் பழைய எச்.டி. வரம்பைத் தாண்டி அதிகம் போவதில்லை. சிக்னல் 10 பிட்டில், அதாவது ஒரு நிறத்துக்கு 1024 படிகளில் வரும். பேனல் 8 பிட் என்றால் 256 படிகள்தான். மீதியைப் புள்ளிகளை வேகமாக மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பேற்றுவார்கள். சூரிய அஸ்தமனக் காட்சியில் வானம் பட்டை பட்டையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

ஆக, பெட்டியில் இருக்கும் "எச்.டி.ஆர். சப்போர்ட்" என்பதற்குப் பொருள், அந்தச் சிக்னலை வாங்கிப் படிக்கத் தெரியும் என்பது மட்டுமே. காட்டத் தெரியும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஏட்டுச் சுரைக்காய்.

வாங்கும் முன் மூன்று எண்களைத் தேடுங்கள்: உச்ச வெளிச்சம் எத்தனை நிட், லோக்கல் டிம்மிங்கில் எத்தனை மண்டலம், பி3 வரம்பில் எத்தனை சதவீதம். 400 நிட்டுக்குக் கீழே, மண்டலம் எதுவுமில்லாத டி.வி.யில் எச்.டி.ஆருக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். நிட் அளவே குறிப்பிடப்படவில்லை என்றால் அது பெருமையாகச் சொல்லும்படி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தை நல்ல வி.ஏ. பேனலுக்கோ அடுத்த அளவு திரைக்கோ போடுங்கள்; தினமும் கண்ணுக்குத் தெரியும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஸ்ட்ரீமிங் பெட்டியின் வீடியோ அமைப்பில் எச்.டி.ஆரை நிறுத்தி எஸ்.டி.ஆர். (சாதாரண வீடியோ) என்று வைத்துப் பாருங்கள். மலிவு டி.வி.களில் பல நேரம் அந்தப் படமே மேல். நிறுத்த மனமில்லையென்றால் "டைனமிக் டோன் மேப்பிங்" (காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைத் திரைக்கேற்பச் சரிசெய்வது) இருந்தால் இயக்கிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

"மோஷன் 200" போன்ற எண்களை நம்புவது

மலிவு டி.வி.களில் உள்ளே இருப்பது பெரும்பாலும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் பேனல், அதாவது நொடிக்கு அத்தனை முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். "நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்" என்ன என்று மட்டும் கேளுங்கள்.

பக்கத்தில் உட்காருபவர்களை மறப்பது

மேலே வி.ஏ.யைப் புகழ்ந்ததற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நேராக உட்கார்ந்தால்தான் அதன் கருப்பு கருப்பு. பக்கவாட்டில் 30, 40 பாகை நகர்ந்தாலே நிறம் வெளுக்கும். எல் வடிவ சோபாவும் ஓரத்தில் நாற்காலியும் போட்ட அகலமான அறைக்கு ஐ.பி.எஸ். பொருந்தும். இரவில் விளக்கை அணைத்து ஒருவரோ இருவரோ நேராகப் பார்க்கும் அறைக்கு வி.ஏ. எது உள்ளே இருக்கிறது என்று விவரத்தாளில் பெரும்பாலும் இருக்காது. ஒரே மாடலில் அளவுக்கு ஏற்ப பேனல் மாறுவதும் உண்டு; 43-ல் பார்த்ததை நம்பி 50 வாங்க முடியாது. வாங்கப்போகும் அளவின் முன்னால் நின்று, திரையில் ஒரு முகம் தெரியும்போது பக்கவாட்டில் நடந்து பாருங்கள். முகம் வெளிறினால் வி.ஏ.

ஷோரூம் வெளிச்சத்தில் தீர்ப்பு சொல்வது

அங்கே ஓடுவது நிறத்தையும் வெளிச்சத்தையும் ஏற்றிக் காட்டும் "விவிட்" மோட். படமும் அதற்கென்றே எடுத்த பூவும் பறவையும். மூவி மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். பென் டிரைவில் இரண்டு துண்டு வீடியோ கொண்டு போங்கள்: ஒன்று இரவுக் காட்சி, இன்னொன்று தரம் குறைந்த பழைய வீடியோ. நல்ல வீடியோவை எல்லா டி.வி.யும் நன்றாகவே காட்டும்.

ஸ்மார்ட் வசதிக்காக டி.வி.யைத் தேர்ந்தெடுப்பது

மலிவு டி.வி.யில் பல நேரம் இருப்பது 1 ஜி.பி. ரேம், 8 ஜி.பி. ஸ்டோரேஜ்; அந்த எட்டில் பெரும்பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆப்கள் கனத்துவிடும், டி.வி. திணறும். அப்போது ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். பேனலை அப்படி மாற்ற முடியாது. ஆகவே மென்பொருள் சுமாராக இருந்தாலும் பேனல் நன்றாக இருப்பதை எடுங்கள்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். ஆண்ட்ராய்டு என்ற பெயரில் வரும் எல்லாமே சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டி.வி. ஆகிவிடாது. காசு கட்டிப் பார்க்கும் சேவைகள் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையைச் சோதிக்கின்றன. அதில் எல்1 நிலை இருந்தால்தான் பெரும்பாலான சேவைகள் எச்.டி. தரும். எல்3 மட்டும் இருந்தால் பல சேவைகள் 480 வரிகளோடு நிறுத்திவிடும். திரை 4கே ஆக இருந்தும் பயனில்லை. ஆப் டி.வி.யின் அதிகாரபூர்வ ஸ்டோரிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து ஏற்றியதா என்று பாருங்கள். ஏற்றியது என்றால் சந்தேகப்படுங்கள்.

எச்.டி.எம்.ஐ. துளைகளை எண்ணாமல் வாங்குவது

இரண்டு துளை போதும் என்று தோன்றும். செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்டிக்குக்கு ஒன்று. பிறகு ஒல்லி டி.வி.யின் கீழ்நோக்கிய ஸ்பீக்கரில் வசனம் புரியாமல் சவுண்ட்பார் வாங்குவீர்கள். எச்.டி.எம்.ஐ. வழியாக இணைக்க, டி.வி.யின் ஒலியை வெளியே அனுப்பும் ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளையே வேண்டும். அது வழக்கமாக ஒன்றுதான் இருக்கும். மூன்று இருப்பதை வாங்குங்கள். இரண்டே உள்ளதுதான் கிடைத்தால் ஆப்டிகல் ஆடியோ அவுட் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேம் கன்சோலோ கம்ப்யூட்டரோ இணைத்து 4கே 60 ஹெர்ட்ஸ் வரவில்லை என்றால் உடனே கேபிளைத் திட்ட வேண்டாம். பல டி.வி.களில் ஒவ்வொரு துளையும் பழைய வேகத்திலேயே வைக்கப்பட்டிருக்கும். இன்புட் அமைப்பில் "என்ஹான்ஸ்டு" அல்லது "டீப் கலர்" என்பதை அந்தத் துளைக்கு மட்டும் இயக்க வேண்டும். கம்ப்யூட்டரின் எழுத்துகளில் நிறம் கசிந்தால் அந்த இன்புட்டுக்கு "பிசி" என்று பெயர் வையுங்கள், பல டி.வி.கள் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நிறத்தைச் சுருக்காமல் காட்டும். திரையின் ஓரம் வெட்டுப்பட்டால் படத்தின் அளவை "ஸ்கிரீன் ஃபிட்" அல்லது "ஜஸ்ட் ஸ்கேன்" ஆக்குங்கள்.

மேசையை அளக்காதது

43 அங்குலத் திரையே 95 செ.மீ. அகலம். பல மாடல்களில் கால்கள் இரண்டும் ஓரங்களில் இருக்கும். கால் இடைவெளியைப் பாருங்கள்.

முதல் வாரத்தைச் சும்மா கடத்துவது

திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும் முன் சோதித்துவிடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கருப்பு என்று முழுத்திரை நிறப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிறம் மாறினாலும் மாறாமல் நிற்கும் புள்ளி இருந்தால் அது செத்த பிக்சல். ஓரிரு பிக்சலைக் குறையாக ஏற்காத நிறுவனங்கள் உண்டு. எத்தனை வரை என்பது வாரண்டித் தாளின் பொடி எழுத்தில் இருக்கும். அடுத்து 50 சதவீதச் சாம்பல் நிறம். அதில் அழுக்குத் துணி தொங்குவது போன்ற திட்டுகள் தெரிந்தால், மைதானம் காட்டும் விளையாட்டு ஒளிபரப்பில் கேமரா நகரும்போதெல்லாம் அவை கண்ணை உறுத்தும். கடைசியாக அறையை முழுதும் இருட்டாக்கிக் கருப்புத் திரை. மூலைகளில் லேசான கசிவு எல்.சி.டி.க்கு இயல்பு. நடுவில் வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் போட்டோ எடுத்து, பெட்டியைத் தூக்கிப் போடாமல் அன்றைக்கே கடைக்குச் சொல்லிவிடுங்கள்.